மாட்ரிட் சந்தையில் வாங்கிய ‘இன்கா கரண்டி’: ஏமாந்துவிட்டேனா?

#1 ராஸ்ட்ரோ ரவி

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக மாட்ரிட்டில் இருக்கிறேன். இங்கே ஞாயிறு காலையில் ராஸ்ட்ரோ என்று ஒரு சந்தை கூடும். நம் ஊர் வாரச்சந்தை மாதிரிதான், காய்கறிக்குப் பதில் பழைய சாமான். போன வாரம் அங்கே இரண்டு பொருள் வாங்கினேன்.

ஒன்று, வெள்ளியில் செய்த கரண்டி. 21 சென்டிமீட்டர் நீளம். தலைப்பக்கம் ஸ்பூன் போலக் குழிந்திருக்கிறது. காம்பு மட்டும் போகப் போக மெலிந்து கடைசியில் ஊசியாக முடிகிறது. குழிக்குள் எதிரெதிரே இரண்டு பறவைகள், நடுவில் ஒரு பூச்செடி, எல்லாம் உளியால் கொத்தி வரைந்தவை. குழியும் காம்பும் சேரும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. இரண்டாவது, உள்ளங்கையில் அடங்குகிற தட்டையான வட்டத் தகடு. அதற்கும் ஒரு காம்பு உண்டு, நுனி உடைந்திருக்கிறது. மேலெல்லாம் பச்சை.

‘இன்கா பூசாரிகள் சடங்கில் பயன்படுத்திய கரண்டி, 600 வருடப் பழசு, பெருவிலிருந்து வந்தது’ என்றார் கடைக்காரர். இரண்டுக்கும் சேர்த்து 110 யூரோ கேட்டார், 85க்கு முடித்தேன். பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தால் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: “கரண்டிக்கு எதுக்குங்க கூர்? பாயசம் குடிக்கும்போது கையில் குத்தாதா?”

பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 விலைமட்டும்

85 யூரோவுக்கு 600 வருடம் என்றால் வருடத்துக்கு 14 சென்ட். வாடகைக்கு எடுத்தால்கூட இந்த விலைக்குக் கிடைக்காது.

#3 திருப்பூர் மீனா

ரவி, உங்கள் மனைவிக்கு என் சார்பில் ஒரு சபாஷ். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அது கரண்டி இல்லை, சேலை ஊசி. அதாவது அங்குள்ள பெண்களின் உடுப்பைத் தோளில் நிறுத்தி வைக்கிற ஊசி. இன்காக்களின் கெச்சுவா மொழியில் அதற்குத் துப்பு என்று பெயர். ஸ்பானியர்கள் வாயில் அது டோப்போ ஆனது.

பின்னலாடை வேலையாக நான்கு வருடம் லிமாவில் இருந்தேன், மாதத்தில் பாதி நாள் குஸ்கோ பக்கம் அலைச்சல். அப்போது பார்த்ததும் கேட்டதும் சொல்கிறேன். ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் காலத்தில் பெண்ணின் உடுப்பில் தையலே கிடையாது. அக்சு என்ற பெரிய சதுரத் துணியை உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு தோளிலும் பக்கத்துக்கு ஒரு துப்பு குத்தி நிறுத்துவார்கள். அதன் மேல் லிக்லா என்ற போர்வை. அதை நெஞ்சருகே பிடித்து வைக்க இன்னொரு ஊசி, அது கொஞ்சம் சின்னது, பெயர் திப்கி. தோளில் இருக்கும் இரண்டு துப்புகளையும் ஒரு கயிறு இணைக்கும். உங்கள் பொருளில் இருக்கிற ஓட்டை அந்தக் கயிற்றுக்குத்தான். அதனால் துப்பு ஜோடியாகத்தான் பிறக்கும், திப்கிதான் ஒற்றை. 21 சென்டிமீட்டர் என்றால் என் கணக்கில் துப்பு. ஜோடி எங்கேயோ இருக்கிறது, அல்லது இருந்தது.

இன்கா என்ற பேச்சுக்கு வருவோம். ஸ்பானியர் வருவதற்கு முந்தைய துப்புகளின் தலை தட்டையாக இருக்கும். வட்டத் தகடு, இல்லாவிட்டால் பிறை. விளிம்பை மெல்லிசாக அடித்து இழைத்திருப்பார்கள். அந்த விளிம்பையே கத்தியாக வைத்துக்கொண்டு பெண்கள் எதையெதையோ அறுத்தார்கள் என்று 17ஆம் நூற்றாண்டில் பெர்னபே கோபோ என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். கரண்டித் தலை வந்தது ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில், அவர்கள் வீட்டு வெள்ளி ஸ்பூனைப் பார்த்த பிறகு. ஆக ‘இன்கா கரண்டி’ என்பது அக்பர் காலத்து சைக்கிள் மாதிரி.

ஆனால் இரண்டாவது பொருளின் வடிவம்தான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறது. அதைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் கிட்டேயே போகக் கூடாது.

#4 ராஸ்ட்ரோ ரவி

ஒரு துப்பு கேட்டு வந்தேன், கையில் இருப்பதே துப்பு என்கிறீர்கள்! நன்றி மேடம். கெச்சுவாவில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டா?

#5 திருப்பூர் மீனா

அளவு என்ற பொருளும் உண்டு. நிலத்தை அளக்கிற அலகுக்கும் அதே சொல்தான். ஊசிக்கும் அளவுக்கும் என்ன உறவு என்று அங்கே கேட்டேன், ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

#6 காரைக்குடி சுப்பு

தம்பி ரவி, நான் முப்பது வருடமாகக் காரைக்குடியில் பழம்பொருள் வியாபாரம் பார்க்கிறேன். பெருவும் தெரியாது, பொலிவியாவும் தெரியாது. வியாபாரி தெரியும்.

இந்தத் தொழிலில் பொருளை விற்பதில்லை, கதையைத்தான் விற்கிறோம். பொருள் கூட வருவது. செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்கு ஒரு கதை, பர்மா தேக்குப் பெட்டிக்கு ஒரு கதை, ஆச்சி சீதனமாகக் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குக்குக்கூட ஒரு கதை வைத்திருக்கிறோம். உங்கள் ஆள் ‘பூசாரி’ என்று சொன்னதும் நான் முடிவு பண்ணிவிட்டேன். எந்த நாட்டுப் பழம்பொருளுக்கும் பூசாரி, ராஜா, ராணி, புதையல் இந்த நாலில் ஒன்றுதான் பாட்டன். சமையல்காரனும் வண்ணாரும் வைத்திருந்த சாமான் எங்கே போயிற்றோ.

இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, பச்சைக் களிம்பை நம்பாதீர்கள். எங்கள் பக்கம் ஒருவர் நேற்று வார்த்த பித்தளை விளக்கை உப்பும் எலுமிச்சம்பழமும் தடவி ஈர மண்ணில் புதைத்து, தை மாதம் வைத்ததை ஆடியில் எடுத்துப் பாண்டியர் காலம் என்பார். இரண்டு, அந்த அம்மா ஜோடி என்று சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜோடியாக வந்த பொருளைச் சேர்த்து விற்றால் ஒரு விலை, பிரித்து விற்றால் இரண்டு விலை. அடுத்த ஞாயிறு போய் அதே கடையில் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். கேட்கக் கூடாது, கிளற வேண்டும்.

#7 உலோகம் உமாபதி

முதலில் அது வெள்ளிதானா என்று பார்த்துவிடலாமே. தென் அமெரிக்காவில் ‘அல்பாக்கா’ என்று ஒரு உலோகம் விற்கிறது. வெள்ளைவெளேரென்று இருக்கும். அல்பாக்கா என்ற விலங்கு மேய்கிற நாடு என்பதால், ‘அந்த ஊர் வெள்ளிக்கு அப்படிப் பெயர் போல’ என்று சுற்றுலாப் பயணிகள் தலையாட்டிவிட்டு வாங்கி வருகிறார்கள். அது வேறு ஒன்றுமில்லை, நம் ஊரில் குத்துவிளக்கும் தாம்பாளமுமாக விற்கிற அதே ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி ஒரு பொட்டுக்கூடக் கிடையாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். 0.1 கிராம் காட்டுகிற தராசு போதும். முதலில் பொருளை அப்படியே எடை போடுங்கள். பிறகு உயரமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள், அடியும் ஓரமும் தொடக்கூடாது. இப்போது தராசு காட்டுகிற எண்ணால் முதல் எடையை வகுங்கள். சுத்த வெள்ளி என்றால் 10.5க்குக் கொஞ்சம் கீழே வரும். ஜெர்மன் சில்வர் 8.6, 8.7 பக்கம் நிற்கும். குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், தட்டிவிட்டுப் பாருங்கள்.

#8 டொராண்டோ சாந்தி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதே மாதிரி ஒரு சாமான் இணைய ஏலத்தில் எடுத்துவிட்டு முழித்துக்கொண்டு இருக்கிறேன். சிலி நாட்டு மப்புச்சே வெள்ளி என்று போட்டிருந்தார்கள். நெஞ்சில் தொங்கவிடுகிறது. மேலே ஒரு தகடு, அதில் இரண்டு பறவைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, அதிலிருந்து மூன்று வரிசைச் சங்கிலி, கீழே இன்னொரு தகடு, அதில் சின்னச் சின்ன வட்டங்கள் தொங்குகின்றன. இதுவும் இன்காவா? ஏலக்காரர் ‘இன்கா இளவரசி’ என்று எழுதியிருந்தார்.

#9 காரைக்குடி சுப்பு

ராணி வந்தாச்சு. சொன்னேனா இல்லையா?

#10 திருப்பூர் மீனா

சாந்தி, மப்புச்சே மக்கள் இன்காக்களுக்கு அடங்கியவர்களே இல்லை. அவர்கள் நாடு தெற்கே, இன்றைய சிலி, அர்ஜென்டினா. ஸ்பானியருக்கும் முந்நூறு வருடம் போக்குக் காட்டியவர்கள். நீங்கள் சொல்கிற நகை இன்காக்கள் ஒழிந்து வெகுகாலம் கழித்து வந்தது. மப்புச்சே வெள்ளிவேலை செழித்தது 18, 19ஆம் நூற்றாண்டுகளில். மாடும் குதிரையும் நெசவும் கொடுத்து ஸ்பானிய வெள்ளி நாணயம் வாங்கினார்கள். நாணயத்தை அவர்கள் பத்தர்கள் உருக்கித் தட்டி நகையாக்கினார்கள். பத்தருக்கு அங்கே ரூத்ராஃபே என்று பெயர். நெற்றியில் கட்டுகிற வெள்ளிப் பட்டை திராரிலோங்கோ, காதுக்குச் சாவாய். குடும்பத்துச் சொத்து பெண்களின் நெஞ்சிலும் நெற்றியிலும் தொங்கியது, நம் வீடுகளில் போலவே.

1860களில் தொடங்கி 1883 வரை சிலி ராணுவம் அந்த நிலத்தைப் பிடித்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ‘சமாதானப்படுத்தல்’. நிலம் போனதும் கஞ்சிக்கு வழியில்லாமல் நகை அடகுக்கடைக்குப் போனது. இன்று மியூசியங்களிலும் ஏலத்திலும் இருக்கிற மப்புச்சே வெள்ளியில் பெரும்பகுதி இப்படி வெளியே வந்ததுதான். மீட்கப்படாத அடகு.

உங்களுடையது பழையதா என்று படம் பார்க்காமல் சொல்ல மாட்டேன். சிலியின் தேமுக்கோ நகரில் இன்றைக்கும் செய்கிறார்கள், நல்ல வெள்ளியிலும் செய்கிறார்கள், உமாபதி சொன்ன அல்பாக்காவிலும் செய்கிறார்கள். சங்கிலிக் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பல வருடம் நெஞ்சில் ஆடிய நகையில் அந்த இடம் பள்ளம் விழுந்திருக்கும்.

#11 டொராண்டோ சாந்தி

பார்த்தேன் அக்கா. கண்ணி எல்லாம் புத்தம் புதிதாக உருண்டையாக இருக்கிறது. இளவரசி ஒரு நாளும் போட்டுக்கொள்ளவில்லை போல.

#12 ராஸ்ட்ரோ ரவி

உமாபதி சார், சோதனை போட்டாயிற்று. 21 சென்டிமீட்டர் மூழ்க வேண்டுமே என்று பூ வைக்கும் கண்ணாடிக் குவளையை எடுத்தேன். மனைவி சமையலறைத் தராசைக் கொடுக்க மறுத்து, பிறகு தானே நூலைப் பிடித்துக்கொண்டாள்.

கரண்டி: 61.4 கிராம். தண்ணீரில் 6.0. வகுத்தால் 10.23.
வட்டம்: 18.2 கிராம். தண்ணீரில் 2.1. வகுத்தால் 8.67.

#13 உலோகம் உமாபதி

முதலாவது வெள்ளி, சந்தேகமில்லை. உங்கள் தராசின் துல்லியத்துக்கு ஆயிரம் பங்கில் 800க்கும் 900க்கும் நடுவில் வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம், மீதி செம்பு. 900 என்பது பழைய நாணயத்தின் தரம். பெருவின் பழைய ஒரு சோல் வெள்ளி நாணயம் 25 கிராம், அதில் ‘பத்தில் ஒன்பது பங்கு சுத்தம்’ என்று ஸ்பானிய மொழியில் அச்சிட்டே இருக்கும். அதை உருக்கிச் செய்த நகை ஏராளம். கடையில் இன்று 925 அல்லது 950 முத்திரையோடு கிடைப்பவை நவீன வேலை.

இரண்டாவதில் வெள்ளி இருந்தாலும் சொற்பம். செம்பு, வெண்கலம், பித்தளை, ஜெர்மன் சில்வர் எதுவாகவும் இருக்கலாம், 2.1 என்ற சின்ன எண்ணை வைத்து அதற்கு மேல் பிரிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரைகல்லில் உரசாதீர்கள். கீறல் விழும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆண்டிஸ் மலைப் பத்தர்கள் உரைகல்லை ஏமாற்றுவதில் கரைகண்டவர்கள். செம்பு அதிகமாகவும் வெள்ளி குறைவாகவும் கலந்து தட்டுவார்கள், காய்ச்சுவார்கள், புளிப்பில் போடுவார்கள், மறுபடி தட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் மேல்தோலில் இருக்கும் செம்பு கரைந்து போய் வெள்ளி மட்டும் தங்கும். தங்கத்துக்கும் இதே வித்தை, செம்பும் தங்கமும் கலந்த தும்பாகாவில். வெளியே பார்த்தால் சொக்கத்தங்கம், உள்ளே செம்பு. இது மோசடி இல்லை, அவர்கள் உலோகத்தைப் பார்த்த விதமே அப்படி. முலாம் பூசவில்லை, உள்ளே இருந்ததை வெளியே வரவழைத்தார்கள். ஹீதர் லெக்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பரிசோதனைக்கூடத்தில் செய்தே காட்டியிருக்கிறார்.

அந்த வட்டத்தை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள். பச்சைக்கு அடியில் என்ன நிறம்?

#14 சட்டப்புள்ளி

நிறத்தைப் பிறகு பார்க்கலாம். ரவி, அந்த வட்டம் இன்காவாக இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

ஸ்பானியர் வருகைக்கு முந்தைய தொல்பொருள் பெருவில் அரசுச் சொத்து. 1929லிருந்தே அப்படித்தான், 2004இல் வந்த 28296ஆம் எண் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. ஸ்பானியர் காலப் பொருளைத் தனியார் வைத்திருக்கலாம், ஆனால் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு நல்ல நகலை வாங்கிக்கொண்டு வந்தால்கூட, ‘இது தொல்பொருள் இல்லை’ என்று கலாச்சார அமைச்சகத்தில் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. தொல்பொருள் கடத்தலைத் தடுக்கிற 1970 யுனெஸ்கோ ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் 1986இலேயே சேர்ந்துவிட்டது. ‘சந்தையில் வாங்கினேன், எனக்குத் தெரியாது’ என்பது கொஞ்ச தூரம்தான் கைகொடுக்கும்.

#15 காரைக்குடி சுப்பு

வக்கீல் சார், 85 யூரோ ஊசிக்கு ஐநா சபையா? இப்படிச் சட்டம் பேசினால் எந்த ஊரிலும் சந்தை நடக்காது. எங்களுக்கும் 1972 சட்டம் இருக்கிறது, நூறு வருடம் தாண்டினால் தொல்பொருள் என்று. செட்டிநாட்டில் நூறு வருடம் தாண்டாத கதவு எது? வீட்டை இடிக்கிறவர்கள் எடைக்குப் போடுகிறார்கள், நாங்கள் காப்பாற்றி வைக்கிறோம்.

#16 சட்டப்புள்ளி

கதவு வேறு, கல்லறை வேறு. கதவை யாரோ விற்றார், நீங்கள் வாங்கினீர்கள். மண்ணுக்குள் கிடந்ததை விற்றவர் யார்?

1987 தொடக்கத்தில் வட பெருவில் சிப்பான் என்ற ஊருக்குப் பக்கத்தில், உவாக்கா ராஹாதா என்ற மண்மேட்டில் ஒரு கோஷ்டி இரவில் சுரங்கம் தோண்டி இன்காக்களுக்கு முந்தைய மோச்சே மக்களின் கல்லறை ஒன்றுக்குள் இறங்கியது. மூட்டை மூட்டையாகத் தங்கம். போலீஸ் போவதற்குள் பாதி கை மாறிவிட்டது. தொல்லியலாளர் வால்டர் ஆல்வா அங்கேயே கூடாரம் போட்டு உட்கார்ந்து, மிச்சத்தைத் தோண்டி, தொடப்படாத இன்னொரு கல்லறையைக் கண்டுபிடித்தார். சிப்பான் பிரபு என்று இன்று உலகம் சொல்வது அந்தக் கல்லறையில் கிடந்தவரைத்தான். யார் காதில் எந்தத் தோடு, யார் காலடியில் யார், எந்த நகை வலது பக்கம், எது இடது என்று எல்லாம் தெரிய வந்தது. இரண்டு மேடுகள் இல்லை, ஒரே மேடு. ஒரு கல்லறை வரலாறாயிற்று, இன்னொன்று சரக்காயிற்று.

அந்தச் சரக்கில் ஒன்று, இடுப்பின் பின்பக்கம் தொங்கவிடும் தங்கத் தகடு, பத்து வருடம் கழித்து 1997இல் அமெரிக்காவில் தலைகாட்டியது. விலை 16 லட்சம் டாலர். வாங்க வந்தவர் எஃப்பிஐ ஆள். பனாமா தூதரக அதிகாரியின் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் அது பெருவுக்குத் திரும்பியது.

#17 விலைமட்டும்

16 லட்சம் டாலரா? சுப்பு அண்ணே, நாம் தொழிலை மாற்றுவோம்.

#18 காரைக்குடி சுப்பு

வேண்டாம்ப்பா. நான் வாங்கினால் கட்டாயம் போலியாகத்தான் இருக்கும்.

#19 திருப்பூர் மீனா

போலி என்றதும் ஞாபகம் வருகிறது. லிமாவில் தங்க மியூசியம் என்று பெயர்போன தனியார் மியூசியம் ஒன்று உண்டு. 2001இல் அதன் சேகரிப்பைச் சோதித்துப் பார்த்ததில் பெரும்பகுதி நவீன நகல் என்று தெரிந்து ஊரே சிரித்தது. பெரிய மனிதர்களே அப்படி ஏமாந்திருக்கிறார்கள், ரவி, நீங்கள் 85 யூரோவோடு தப்பித்தீர்கள்.

சுப்பு அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வக்கீல் சொல்வதிலும் இருக்கிறது என்று நான் நடுவில் நின்று மணி அடிக்கப் போவதில்லை. மண்ணுக்குள் இருந்து வந்த பொருளில் நான் வக்கீல் பக்கம்தான். அர்ஜென்டினாவில் யுயயாகோ என்ற எரிமலை, 6,739 மீட்டர். அதன் உச்சியில் 1999இல் மூன்று குழந்தைகளின் உடல்களைக் கண்டெடுத்தார்கள், இன்காக்கள் பலி கொடுத்தவை, பனியில் அப்படியே இருந்தன. கூட வைத்திருந்த சின்னப் பொம்மைகள் தங்கத்திலும் வெள்ளியிலும் ஸ்பான்டிலஸ் என்ற செஞ்சிப்பியிலும் செய்தவை. பெண் பொம்மைகளுக்கு நெய்த துணி உடுத்தி, அந்தத் துணியில் நகக்கண் அளவு துப்பு குத்தி வைத்திருந்தார்கள். சால்டா நகர மியூசியத்தில் கண்ணாடிக்கு முன்னால் நான் நின்றது அந்த ஊசிக்காகத்தான். துப்பு எப்படிக் குத்தப்பட்டது என்று சந்தேகமில்லாமல் தெரிகிறதென்றால், யாரும் அதைப் பிடுங்கி விற்காததால்தான். ஒற்றைத் துப்பு ஒன்றைச் சந்தையில் பார்த்தால் அது தோளில் இருந்ததா, நெஞ்சில் இருந்ததா, உயிரோடு இருந்தவளுடையதா என்று எதுவும் சொல்லாது.

ஆனால் கரண்டித் துப்பு மண்ணுக்குள் போன பொருள் இல்லை. அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது. 1781இல் துபாக் அமாரு என்ற தலைவர் நடத்திய கலகத்தை அடக்கிய கையோடு, இன்கா உடுப்பே கூடாது என்று ஸ்பானிய அதிகாரி தடை போட்டார். அப்படியும் மலைக் கிராமங்களில் பெண்கள் ஊசியை விடவில்லை. அது போனது நம் காலத்தில்தான். பிசாக் சந்தையில் ஒரு பாட்டி, போர்வையை மூன்று ஊக்கால் குத்தியிருந்தார், சாதாரண சேஃப்டி பின். “உங்கள் அம்மா எதைக் குத்தினார்?” என்று கேட்டேன். கையை நீட்டி நீளம் காட்டினார், முழங்கை வரைக்கும். எங்கே என்றேன். “அண்ணன் லாரி வாங்கினான்” என்றார். அவ்வளவுதான்.

ஈக்வடாரில் சரகூரோ பெண்கள் இன்றும் சூரியன் போல வட்டத் தலை வைத்த பெரிய வெள்ளித் துப்பைக் குத்திக்கொண்டு சாதாரணமாகப் பஸ்ஸில் வருகிறார்கள்.

ரவி, கேட்க மறந்தேன். அந்த ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். தேய்மானம் எந்தப் பக்கம்?

#20 ராஸ்ட்ரோ ரவி

போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். பறவைகள் இருக்கும் பக்கம் என்னைப் பார்க்க, கூர் கீழே இருக்கும்படி பிடித்தால், ஓட்டை வட்டமாக இல்லை. வலது ஓரத்தில் மட்டும் இழுபட்டு, வேர்க்கடலை மாதிரி ஆகியிருக்கிறது. அந்த ஓரம் வழவழவென்று இருக்கிறது, இடது ஓரம் கூராகவே இருக்கிறது.

வட்டத்தில் உமாபதி சார் கேட்டது: ஒரு இடத்தில் பச்சை சின்னதாகப் பொரிந்திருக்கிறது. அடியில் செங்கல் சிவப்பு. ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தேன், பச்சை பஞ்சில் ஒட்டவில்லை.

#21 உலோகம் உமாபதி

அதற்கு மேல் ஒற்ற வேண்டாம். எலுமிச்சம்பழக் களிம்பு பெரும்பாலும் மாவு மாதிரி பஞ்சில் வந்துவிடும், அடியில் நேராகப் பளபள உலோகம் தெரியும். நிறைய காலம் மண்ணில் கிடந்த செம்பில் முதலில் சிவப்பாக ஒரு படலம், அதன் மேல் பச்சை என்று அடுக்கு உண்டாகும். உங்களுடையது இரண்டாவது ரகம் போலத் தெரிகிறது. படத்தை வைத்து இதற்கு மேல் நான் பேசினால் ஜோசியம் ஆகிவிடும்.

#22 சட்டப்புள்ளி

நான் சொன்னேன்.

#23 காரைக்குடி சுப்பு

வக்கீல், அந்தக் கடைசிப் பதிவு தேவையா? தம்பி பயந்திருப்பார்.

ரவி, சீரியஸாகச் சொல்கிறேன். இதே மாதிரி ஒன்று என் கைக்கு வந்தால் நான் கடையில் வைக்க மாட்டேன். பழசு என்பதால் இல்லை, எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இல்லாததால். மியூசியத்துக்கு எழுதிக் கேளுங்கள். விலை கேட்காதீர்கள், இது என்ன, யாரிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கடைச் சீட்டு இருந்தால் பத்திரம். இல்லையென்றால் வாங்கிய தேதி, இடம், விலை, அவர் சொன்ன கதை எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள், பூசாரி உட்பட.

#24 திருப்பூர் மீனா

வலது பக்கம் தேய்ந்திருக்கிறது என்றால் கயிறு அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது. அதாவது ஜோடி அந்தப் பக்கத்துத் தோளில் இருந்தது. இன்னொன்று கிடைத்தால் அதன் ஓட்டை இடது ஓரத்தில் தேய்ந்திருக்கும். அதே பறவை, அதே பூ என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், ஒரே பட்டறையில் அதே மாதிரி ஐம்பது ஜோடி அடித்திருப்பார்கள்.

#25 விலைமட்டும்

இந்த இழையைப் படித்துவிட்டு என் பாட்டியின் தண்டட்டியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவார் என்று தெரிந்துவிட்டது.

#26 ராஸ்ட்ரோ ரவி

தாமதத்துக்கு மன்னிக்கவும், நேற்றுதான் ஞாயிறு.

முதலில் வட்டம். இங்கே மாட்ரிட்டில் அமெரிக்க மியூசியம் என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்கக் கண்டங்களின் பழம்பொருளுக்கென்றே. இருபக்கப் படம், எடை, அளவு, வாங்கிய விவரம் எல்லாம் போட்டு எழுதிவிட்டேன். பதில் வரும் வரை அது ஒரு அட்டைப்பெட்டியில் பருத்தித் துணிமேல் இருக்கிறது. அதற்கான 30, 40 யூரோ போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் சந்தை. அதே கடை, அதே ஆள். வட்டம் எங்கிருந்து வந்தது என்று நைசாகக் கேட்டேன். பெரு போய் பொலிவியா ஆகியிருந்தது, பூசாரி போய் ஒரு வயதான அம்மா ஆகியிருந்தார். சரி என்று சுப்பு அண்ணன் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு கிளறினேன். ஸ்பூன், ஃபோர்க் எல்லாம் குவித்த ஒரு தகர டப்பா. அடியில் துணியில் சுற்றி ஒரு துண்டு வெள்ளிச் சங்கிலி, பக்கத்திலேயே அது. 21 சென்டிமீட்டர். இரண்டு பறவைகள், நடுவில் செடி. என்னுடையதில் வலது பறவையின் வாலில் நான்கு கீற்று, இதில் ஐந்து. கைவேலை.

என் முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். “ஆ, ஜோடி!” என்றார். 90 யூரோவாம். ஒன்றுக்கு.

கூரைக் கீழே பிடித்து, பறவைகளை என் பக்கம் திருப்பி, வெயிலில் தூக்கிப் பார்த்தேன். இடது ஓரம்.

70க்கு முடிந்தது. சங்கிலியையும் சேர்த்துக் கொடுத்தார்.